பார்வைக்கு இல்லாத தாள்

ஆபீஸில் அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் அவள் காதில் விழாமல் இருக்குமா? விழுந்தது. கோபம் வரவில்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

காப்புரிமை அலுவலகத்தில் பார்வை அறை அவள் பொறுப்பு. ஒருவன் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து, 'இது என்னுடையது, என்னைக் கேட்காமல் வேறு எவனும் செய்யக்கூடாது' என்று அரசாங்கத்திடம் எழுதிக் கொடுக்கிறான் பாருங்கள், அந்த விண்ணப்பங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. முதல் பதினெட்டு மாதம் அதை ஒருத்தர் கண்ணிலும் காட்டக்கூடாது. எழுதிக் கொடுத்தவனின் பெற்ற தாயே வந்து கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்லவேண்டும். அதற்கப்புறம் வெளியிடுவார்கள். வெளியிட்டுவிட்டால் தெருவில் போகிறவன் உள்ளே வந்து, "அந்த ஃபைலைக் கொடுங்க" என்றால் கொடுத்தே தீரவேண்டும். ஏன், எதற்கு என்று அவனைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. வெளியிடும் வரைக்கும் ஒருத்தருக்கும் இல்லை, வெளியிட்டபின் எல்லாருக்கும் உண்டு. அவளுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும். ஆள் பார்த்துப் பேசவேண்டிய தொல்லை இதில் இல்லை.

ஒரு தடவை மேலதிகாரியே வந்து மேஜை ஓரமாக நின்றுகொண்டு, சிநேகிதர் ஒருவருக்காக, இன்னும் வெளிவராத விண்ணப்பம் ஒன்றைப் பற்றி லேசாக விசாரித்தார். "எழுத்துல கொடுத்துடுங்க சார், எடுத்துத் தரேன்" என்றாள். மனுஷர் வந்த வழியே போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் பட்டப்பெயர் வந்தது.

பிறகு ஆள் குறைப்பு வந்தது. மூன்று பேருடைய வேலை அவள் ஒருத்தி மேஜைக்கு நடந்து வந்தது. மூன்று பேர் சம்பளம் மட்டும் வழி தெரியாமல் எங்கேயோ நின்றுவிட்டது. பார்வை அறையோடு, வெளியீட்டுப் பட்டியலும், விண்ணப்பத்தை வேண்டாமென்று திரும்பப் பெறுகிறவர்களின் வாபஸ் கடிதங்களும் அவள் தலையில் விழுந்தன. வாபஸ் கடிதம் வந்தால் அன்றைக்கே பதிவேற்றிவிடுவாள். அது வெறும் வழக்கம்தான், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பக்காரர்களுக்காக அலைகிற ஏஜென்ட்டுகள் எல்லாரும் அந்த வழக்கத்தை நம்பித்தான் கடைசி நாள்வரை சாவகாசமாக இருப்பார்கள். அவள் கைக்குப் போய்விட்டால் போதும், காரியம் முடிந்தது என்று அவர்களுக்கு எண்ணம்.

இனி அவள் தங்கச்சி வீட்டுக் கதைக்கு வருகிறேன். அப்பா போனதிலிருந்து தங்கச்சியைப் படிக்கவைத்து, நல்ல இடமாகப் பார்த்துக் கட்டிக்கொடுத்தது இவள்தான். தங்கச்சி புருஷன் ரொட்டிக் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர். கையில் ஸ்பானரைக் கொடுத்தால் செத்த மெஷினுக்கும் உயிர் வந்துவிடும் என்று சொல்வார்கள். அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். அக்கா அக்கா என்று இவளிடம் அத்தனை மரியாதை.

அந்தக் கம்பெனியில் ஒரு காலை வேளையில், மாவு பிசையும் மெஷின் தொட்டிக்குள் கைவிட்டு ஒரு பெண் சுரண்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. மூடி திறந்துதான் இருந்தது. மூடி திறந்திருந்தால் மெஷின் ஓடாது, ஓடக்கூடாது, அதற்கென்று ஒரு சென்சார் உண்டு. ஆனால் ஓடியது. அதற்கு மேல் விவரம் வேண்டாம். அன்றைக்கு மதியத்துக்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உடனே எல்லாரும் கையைக் கழுவ ஆரம்பித்தார்கள். வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று ஃபிட்டர்தான் சென்சாரை ஏதோ செய்து வைத்திருக்கவேண்டும் என்று ரொட்டிக் கம்பெனி சொன்னது. எங்கள் சென்சார் பழுதாகவே ஆகாது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று மெஷின் செய்கிற கம்பெனி சொன்னது. இரண்டு விரலும் ஒரே ஆளைத்தான் காட்டின. போலீஸ் வந்து ஃபிட்டரைக் கூட்டிக்கொண்டு போனது. ஜாமீனில் வந்தவன் மூலையில் உட்கார்ந்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

"அவர் ஒரு எறும்பைக்கூட மிதிக்கமாட்டாரேக்கா" என்று தங்கச்சி மாலை மாலையாகக் கண்ணீர் விட்டாள். "உள்ள போட்டுட்டாங்கன்னா நான் இந்தப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

இவள் நேராக அவனிடமே கேட்டாள். "தம்பி, என்கிட்ட மறைக்காதீங்க. நீங்க எதுவும் பண்ணீங்களா?"

"சென்சார் மேல நான் கையே வைக்கலைக்கா. அது இப்படிப் பொய் சொல்லும்னு எனக்குத் தெரியவே தெரியாது. எம்புள்ளைங்க மேல சத்தியம்."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பார்த்துப் பார்த்துக் கொண்டுவந்த மாப்பிள்ளை ஆயிற்றே.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதம் வந்தது. வெளியீட்டுப் பட்டியலை அடைக்கிற நாள் அது. சாயங்காலம் பட்டியலை அடைத்துவிட்டால் அதில் இருக்கிற விண்ணப்பங்கள் எல்லாம் வெளிவந்தே தீரும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது. மத்தியானத் தபாலில் ஒரு வாபஸ் கடிதம். வழக்கம்போலப் பிரித்தாள். விண்ணப்பித்தது யார் என்று பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மெஷின் கம்பெனி. தலைப்பு: மாவு பிசையும் இயந்திரத்தின் மூடிக்கான இரட்டைப் பூட்டு.

வாபஸ் பதிய விண்ணப்பத்தைத் திறந்துதான் ஆகவேண்டும். திறந்தவள் தலைப்போடு நிறுத்தியிருக்கவேண்டும். நிறுத்தவில்லை, படித்தாள்.

இந்த விண்ணப்பங்களில் ஒரு வேடிக்கை உண்டு. புதியது ஏன் வேண்டும் என்று கேட்டால், பழையது சரியில்லை என்று சொல்லித்தானே ஆகவேண்டும்? வெளியே 'எங்கள் மெஷின் தங்கம்' என்று போஸ்டர் ஒட்டுகிற கம்பெனி, இங்கே வந்து தன் மெஷினைத் தானே கரித்துக்கொட்டும். இதிலும் கொட்டியிருந்தது. மாவுத் தூசி படிந்துவிட்டால் மூடி திறந்திருக்கும்போதும் மூடியிருப்பதாகவே சென்சார் காட்டுகிறது, ஆள் கை உள்ளே இருக்கும்போது இயந்திரம் ஓடத் தொடங்கும் அபாயம் இருக்கிறது, ஆகவே சாவி போட்டால் ஒழிய ஓடாத இரண்டாவது பூட்டு ஒன்று தேவை. அத்தனையும் கறுப்பு வெள்ளையில் இருந்தது. அந்தப் பெண் சாவதற்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அடப்பாவிகளா, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அறையில் நல்லவேளை யாரும் இல்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லக்கூடாது. தங்கச்சியிடம், வக்கீலிடம், கோர்ட்டிடம்கூட வாயைத் திறக்கக்கூடாது. திறந்தால் வேலையும் போகும், கம்பியும் எண்ணவேண்டும். இன்றைக்கு வாபஸ் பதிந்துவிட்டால் இந்த விண்ணப்பம் வெளிவராமலே போய்விடும். வராமல் போனதை இனி எந்தக் காலத்திலும் யாரும் பார்க்க முடியாது. தங்கச்சி புருஷன் ஜெயிலுக்குப் போவான். மெஷின்காரன் இன்னொரு போஸ்டர் ஒட்டுவான்.

டீ வந்தது. ஆடை படிந்து ஆறியது. கடிதம் எதிரிலேயே கிடந்தது. மேஜையில் இருந்த மற்ற வேலைகளை ஒவ்வொன்றாக முடித்தாள், அவ்வளவு நிதானமாக அவள் வேலை பார்த்து யாரும் கண்டதில்லை. ஐந்து மணிக்குப் பட்டியலை அடைத்தாள். வாபஸ் கடிதத்தை மறுநாள் காலையில், நாற்காலியில் உட்கார்ந்த கையோடு, முதல் வேலையாகப் பதிந்தாள்.

சட்டப்படி அவள் செய்ததைத் தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. மத்தியானம் வந்த கடிதத்தை மறுநாள் பதியலாம், தாராளமாகப் பதியலாம். ஆனாலும் அவளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மெஷின் கம்பெனியின் ஏஜென்ட் வந்து குதிகுதி என்று குதித்தார். மேலதிகாரி, பழைய கோபம் இருந்தும், அவளை விட்டுக்கொடுக்கவில்லை. "அந்தம்மா டேபிள்ல ஒரு நாள் தள்ளிப்போச்சுன்னா, அன்னைக்கு வேலை அப்படி இருந்திருக்கும் சார். அவங்களைப் பத்தி இந்த ஊருக்கே தெரியும். நீங்க ஏன் கடைசி நாள் வரைக்கும் தூங்கினீங்க?" என்று ஏஜென்ட்டைத் திருப்பிக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு ஸ்டேப்ளரில் பின் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஏற்கெனவே பின் நிறைய இருந்தது.

விண்ணப்பம் வெளிவந்த மறுநாள் தங்கச்சியிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "அந்தக் கம்பெனி பேர்ல புதுசா ஏதாவது பேட்டன்ட் வந்திருக்கான்னு உங்க வக்கீலைப் பார்க்கச் சொல்லு." வக்கீல் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். அதை அச்செடுத்துக்கொண்டுபோய்க் கோர்ட்டில் வைத்தார். முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'பெயர் வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார்' என்று இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் கண்ணும் உள்ளே இருந்த மாவுத் தூசியின் மேல்தான் இருந்தது. ஃபிட்டர் மேல் இருந்த வழக்கு விழுந்தது. வழக்கு மெஷின் கம்பெனி பக்கம் திரும்பியது.

அன்றைக்குத் தங்கச்சி அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே! "நீ என் அக்கா இல்ல, என்னைப் பெத்தவ" என்றாள். ஃபிட்டர் ஜன்னலோரம் நின்றுகொண்டு வெளியே பார்த்தபடியே இருந்தான், இவள் பக்கம் திரும்பவே இல்லை. பட்ட பாட்டில் மனுஷன் அசந்துபோயிருக்கிறான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக நிறுத்திவிட்டுப் போயிருப்பேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்வை அறைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார், யூனிஃபார்மில் வியர்வை காயவில்லை. அவர் நீட்டிய விண்ணப்ப எண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் சந்தேகமே இல்லை, வழக்குத் தாளில் படித்த பெயர்தான். செத்துப்போன பெண்ணின் அப்பா. அவருக்கு இவள் யாரென்று தெரியாது.

"கோர்ட்ல கொடுத்தது பாதிதானாம்மா. முழு ஃபைலும் இங்க வந்தா பார்க்கலாம்னாங்க. நிஜமா?"

"பார்க்கலாம் ஐயா. யார் வேணும்னாலும் பார்க்கலாம்."

"யாருன்னு கேக்கமாட்டீங்களா?"

"கேக்கக்கூடாது."

அவர் அதை இரண்டு முறை தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு கேட்காமலே சொன்னார். "இந்தப் பூட்டைக் கண்டுபிடிச்சவன்னு ஒருத்தன் இருப்பான்ல. கம்பெனின்னா அது கட்டடம், கட்டடம் கண்டுபிடிக்காதுல்ல? அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்ல, இந்த மெஷின் ஆளைக் கொல்லும்னு? அவன் யாருன்னு தெரிஞ்சுக்கணும். அடிக்கப் போறதில்லம்மா. அடிச்சு என்ன ஆகப்போகுது? ஏன்டா வாயைத் திறக்கலைன்னு ஒரு வார்த்தை கேக்கணும், அவ்ளோதான்."

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க. பிரிச்சு எடுத்து வைக்கணும்."

பிரிப்பது என்றால், எல்லாருக்கும் பார்க்கக் கொடுக்கிற ஃபைலிலும் சில தாள்களைக் காட்டக்கூடாது. யாராவது உடம்புக்கு முடியவில்லை என்று வைத்த டாக்டர் சீட்டு, பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்ட கடிதம், இப்படிச் சில. யாராவது முழு ஃபைலைக் கேட்டால்தான் அவற்றைத் தேடிப்பிடித்து எடுப்பார்கள். இந்த ஃபைலை அதுவரை யாரும் முழுசாகக் கேட்டதில்லை. தங்கச்சி வக்கீலுக்கு வெளிவந்த பகுதியே போதுமானதாக இருந்தது. ஆக, அந்தத் தாளை அலுவலகத்தில் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தது அவள்தான்.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கண்டுபிடித்தவர் கேட்கிற கடிதம். கீழே கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே தங்கச்சி புருஷன் பெயர்.

ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்று முதலில் தன்னைத் தேற்றிக்கொண்டாள். முகவரியும் இருந்தது. தங்கச்சி வீட்டு முகவரி. கடிதத்தின் இரண்டாவது பாதி, இந்தப் பூட்டு இதற்கு முன் பொதுவில் எங்கும் பயன்படவில்லை என்ற உறுதிமொழி. அதில் எழுதியிருந்தது: 'நான் வேலை செய்யும் இடத்தில் உள்ள இயந்திரத்தில் இதைச் சோதனைக்காகப் பொருத்தினேன். கம்பெனி கேட்டுக்கொண்டபடி கழற்றிவிட்டேன். வெளியாட்கள் யாரும் பார்க்கவில்லை.'

எழுந்து போய்க் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தால் கடிதம் அதேதான்.

சாயங்காலம் நேராகத் தங்கச்சி வீட்டுக்குப் போனாள். தங்கச்சி பிள்ளைகளோடு கடைக்குப் போயிருந்தாள். ஃபிட்டர் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டிருந்தான். இவள் நின்றபடியே கேட்டாள்.

"அந்தப் பூட்டு உங்களுதா தம்பி?"

ஸ்க்ரூ டிரைவர் நின்றது. "யார் சொன்னா?"

"நீங்கதான் எழுதியிருக்கீங்க. கையெழுத்தோட."

அவன் அதைத் தரையில் வைத்தான். பிறகு ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான்தான்க்கா முதல்ல கவனிச்சேன். தூசி படிஞ்சா சென்சார் பொய் சொல்லுதுன்னு. முதலாளிகிட்ட சொன்னா காதுலயே வாங்கல. நானே ஒரு பூட்டு செஞ்சு மாட்டினேன். மாட்டியிருந்த வரைக்கும் ஒருத்தருக்கு ஒரு கீறல் கிடையாது. மெஷின் கம்பெனி ஆளு சர்வீஸுக்கு வந்தப்போ பார்த்துட்டாரு. பிரமாதம்யா, இதுக்குப் பேட்டன்ட் போடலாம், உனக்கு எங்ககிட்டயே வேலைன்னாரு."

"அப்புறம்?"

"முதல்ல கழட்டுன்னாரு. வெளியாள் பார்த்துட்டா புதுசுன்னு சொல்ல முடியாதாம், பேட்டன்ட் கிடைக்காதாம். கழட்டினேன்."

"விண்ணப்பம் போட்டப்புறம் யார் பார்த்தா என்ன? மறுநாளே மாட்டியிருக்கலாமே! இது எனக்குத் தெரியும் தம்பி, என் பொழப்பே இதுதான்!"

"மாட்டலாம்னுதான் நினைச்சேன். புது மாடல் வரட்டும், அதுவரைக்கும் பொறுங்கன்னாங்க. முதலாளிக்குத் தெரிஞ்சா வம்புன்னு பேரையும் போடவேணாம்னாங்க. வேலை கைக்கு வர்ற நேரத்துல எதுக்கு முறைச்சுக்கணும்னு பொறுத்தேன்."

"பூட்டு எங்க இருந்துச்சு அப்போ?"

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். கையில் இருந்த கிரீஸ் கன்னத்தில் இழுபட்டது. "என் டிராயர்லதான்க்கா. அந்தப் பொண்ணு செத்த அன்னைக்கும் அங்கதான் இருந்துச்சு."

"புள்ளைங்க மேல சத்தியம் பண்ணீங்களேய்யா!" என்று கத்திவிட்டாள். வாழ்நாளில் அவனை அவள் அப்படி அதட்டியதில்லை. அறைய வேண்டும் போலிருந்தது, கூடவே அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. எது முந்தியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் ரொம்ப மெதுவாகக் கேட்டான். "தெரிஞ்சேதான் கழட்டினேன்னு ஆயிருந்தா அப்பவே என்னை உள்ள வச்சிருப்பாங்கக்கா. அந்தத் தாள் வெளிய வருமா?"

"தானா வராது. யாராவது காரணம் காட்டி மனு போட்டா அதிகாரி பார்த்து முடிவு பண்ணுவாரு."

"அந்த வாபஸ் லெட்டரை நீங்க ஒரு நாள் வச்சிருந்தீங்கன்னு அவங்க ஏஜென்ட் கத்திக்கிட்டு இருந்தாராம், வக்கீல் சொன்னாரு. தோண்ட ஆரம்பிச்சா அதையும்தான் தோண்டுவாங்க." மிரட்டுகிறானா, கெஞ்சுகிறானா, இல்லை உண்மையாகவே இவளுக்காகக் கவலைப்படுகிறானா? அவன் குரலில் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். தங்கச்சி இரண்டு கையிலும் பையோடு உள்ளே வந்தாள், பின்னாலேயே பிள்ளைகள். "அக்கா! எப்ப வந்தே? ஒரு போன் போட்டா என்ன, கொறஞ்சா போயிடுவே?" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! "என்னங்க இது, மூஞ்சியெல்லாம் கிரீஸ்? சின்னப்புள்ள கெட்டுது போங்க." சின்னவன் ஓடிவந்து பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். அவள் சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள். தலைவலி என்று சொன்னாள், அது பொய்யில்லை.

டிரைவர் சொன்ன நாளில் வந்தார். யாரிடமோ கெஞ்சி ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். ஃபைலை வாங்கி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். புரியாத வார்த்தை வந்தால் உதட்டை அசைத்து இன்னொரு முறை. அவள் தன் வேலையைப் பார்ப்பதுபோலப் பாவனை செய்துகொண்டிருந்தாள். நெடுநேரம் கழித்து எழுந்து வந்தார். கையில் ஒற்றைத் தாள், அவள் வைத்த தாள். 'இங்கிருந்த கடிதம் பொதுப் பார்வைக்கு இல்லை' என்பதைத் தவிர அதில் எதுவும் இல்லை.

"இது என்னம்மா?"

"கண்டுபிடிச்சவர் தன் பேரை வெளியிடவேணாம்னு கேட்ட லெட்டர். அதை மட்டும் காட்டக்கூடாது. சட்டம் அப்படி."

"பொண்ணைப் பறிகொடுத்தவனுக்கும் அதே சட்டம்தானா?"

"எல்லாருக்கும் அதேதான் ஐயா."

"மனு ஏதோ போடலாமாம்ல?"

"போடலாம்."

அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். "நீங்க அந்த லெட்டரைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம எடுக்க முடியாது."

"கீழ டீக்கடையில உங்களைப் பத்தி விசாரிச்சேன், தப்பா எடுத்துக்காதீங்க. மேலதிகாரிக்கே வளைஞ்சு கொடுக்காத பொம்பளைன்னாங்க. அதனால கேக்கறேன். பேரைச் சொல்லவேணாம். உள்ள இருக்கறதைச் சொல்லவேணாம். அதுல என் பொண்ணு செத்ததுக்குச் சம்பந்தமா ஏதாவது இருக்குதா, இல்லையா? இருந்தா நான் மனு போட்டுக்கறேன், எந்த அதிகாரி கால்ல வேணாலும் விழறேன். இல்லன்னா இதோட விட்டுடறேன்மா. வீட்ல அவ அம்மா, போதும் வாங்க, நானாவது இருக்கேன்லன்னு சொல்லி அழறா. நீங்க சொன்னா எனக்குப் போதும்."

அவளுக்கு ஒரு பதில் இருந்தது. வருஷக்கணக்காக, எத்தனையோ பேரிடம், ஏஜென்ட்டிடமும் அதிகாரியிடமும் சொன்ன பதில்தான். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை ஐயா. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். அவர் புரிந்துகொண்டு மனு போட்டிருப்பார், மிச்சத்தை அதிகாரி பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். கண்ணுக்குள் தங்கச்சி இரண்டு கையிலும் பையோடு வாசலில் நின்று சிரித்தாள்.

"ஒண்ணும் இல்லங்க" என்றாள். "வெறும் சம்பிரதாய லெட்டர். உங்க பொண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

மூடிய தாளில் என்ன இருக்கிறது என்று அவள் வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதிலும் பொய்யைச் சொன்னாள்.

டிரைவர் மூச்சை விட்டார். "சரிம்மா. நல்லா இருங்க. இதுலயே உசிரு போய்க்கிட்டு இருந்துச்சு எனக்கு." ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். போட்டவர் போகாமல் நின்றார்.

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அந்த ஃபிட்டர் தம்பி இருக்காருல்ல, பாவம், அவர்தான் பண்ணிட்டாருன்னு நினைச்சு கோர்ட் வாசல்ல கண்டபடி சபிச்சுட்டேன். உம்புள்ளைங்களுக்கும் இதே கதி வரும்டான்னு சொல்லிட்டேன்மா. அந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னாரு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்ல. ஒரு பாவமும் அறியாதவரைப் போய்... அட்ரஸ் வாங்கி வச்சிருக்கேன். இப்பவே நேராப் போய், கையப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடறேன். போகலாம்ல? தப்பா நினைக்கமாட்டாருல்ல?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய துண்டுச் சீட்டில் தங்கச்சி வீட்டு முகவரி இருந்தது. இந்நேரம் தங்கச்சி வீட்டில்தான் இருப்பாள். யார் என்ன என்று கேட்பதற்கு முன்னால் உட்கார வைப்பாள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பாள். அவர் எழுந்து நின்று ஃபிட்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார்.

"போய்ட்டு வாங்க ஐயா" என்றாள். "தப்பா நினைக்கமாட்டாரு."